பெரியாற்றைக் கிழக்கே திருப்பியவர்

நுழையும்முன்

மேற்கு நோக்கி ஓடும் ஓர் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே அழைத்துவர முடியுமா? நூறாண்டுகளாகப் பலர் எழுப்பிய இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு பொறியாளரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. இடுக்கி மாவட்டத்தின் நிலப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தல் நன்று.

மலையின் இருபுறம்

சூன் திங்களில் அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து பெருமழையாகப் பொழிகிறது. மலைமுகட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்றில் ஈரம் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே கிழக்குப்புற நிலம் மழைமறைவுப் பகுதியாகிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலைக்குக் கிழக்கே மதுரைப் பகுதியிலோ அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

இந்த மலைத்தொடர் பாலக்காட்டில் பெரிய இடைவெளி விட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று தடையின்றிக் கோவைப் பக்கம் செல்கிறது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும் அதனைத் தொடர்ந்து இடுக்கி மலைகளும் மீண்டும் மதில்போல் எழுந்து நிற்கின்றன. குமுளி அம்மதிலின் உச்சியில் உள்ள ஊர். அங்கிருந்து ஒருமணி நேரத்திற்குள் கம்பத்திற்கு இறங்கிவிடலாம். மேலே ஏலத்தோட்டங்களில் இலைநுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும் நாளில், கீழே கம்பத்தில் வானம் வெளுத்து வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பயணிகள் இன்றும் காணலாம்.

பெரியாறு இம்மலைகளில் சிவகிரிப் பகுதியில் தோன்றி, மழைமிகுந்த மேற்குப் பக்கமாகவே 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலை அடைகிறது. கேரளத்தின் மிக நீளமான ஆறு இதுவே. வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையோ கிழக்கே மதுரை வழியாகச் செல்கிறது. பெயரளவில் பேராறு, ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அதன் படுகையில் மணலே தெரியும். ஒருபுறம் பயனின்றிக் கடல்சேரும் வெள்ளம், மறுபுறம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் உழவர். இடையில் நிற்பது ஒரு மலைமுகடு மட்டுமே.

கனவு கண்டவர்கள்

இம்முரண்பாட்டை முதலில் கண்டவர் பென்னிகுயிக் அல்லர். இராமநாதபுரம் அரசில் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே பெரியாற்று நீரைக் கிழக்கே கொண்டுவரும் வழியை ஆராய்ந்தார். ஆகும் செலவு அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1808ஆம் ஆண்டு ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் ஆங்கிலேய அலுவலர் மலையை அளந்து பார்த்து, இஃது ஆகக்கூடியதன்று என்று அறிக்கை அளித்தார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய ஒரு பணி, தொழிலாளர்களைக் காய்ச்சல் பற்றிக்கொண்டதால் நின்றுபோயிற்று. 1867இல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் மண்ணால் பெரிய அணை ஒன்றை எழுப்பும் திட்டத்தை வகுத்தார். அதுவும் தாளில் இருந்ததே தவிர நிலத்தில் எழவில்லை.

பிறகு 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பெரும்பஞ்சத்தில் சிக்கியது. மழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன. பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். பஞ்சத்திற்குப் பின் நீர்ப்பாசனத் திட்டங்களை அரசு வேறு கண்ணோடு நோக்கத் தொடங்கிற்று. அதுவரை செலவுக் கணக்காக இருந்த பெரியாற்றுத் திட்டம், உயிர்க் கணக்காக மாறிற்று. 1882ஆம் ஆண்டு, திட்டத்தைத் திருத்தி வரைந்து மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

ஜான் பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலேயப் படையில் பிரிகேடியராக இருந்தவர். 1849ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் தந்தை வீழ்ந்தார். அதே போர்க்களத்தில் மூத்த மகன் அலெக்சாண்டரும் இறந்தார். இளைய ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாள்களே இருந்தன.

தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்த சிறுவன் இங்கிலாந்தில் கல்வி பயின்றான். செல்ட்டன்காம் கல்லூரியில் படித்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கும் பொறியியல் துறைக்கும் ஆள் பயிற்றிய அடிஸ்கோம் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். 1858ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அலுவலராக நியமனம் பெற்று, 1860இல் இந்தியாவுக்கு வந்தான். பத்தொன்பது வயது நிரம்பிய அவ்விளைஞனுக்கு இது தான் பிறந்த நாடு. தந்தை புதையுண்ட நாடும் ஆகும்.

1868இல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றதைத் தவிர, பென்னிகுயிக்கின் இளமைக்காலப் பணி பெரும்பாலும் பொதுப்பணித்துறையில் கழிந்தது. போர்வீரர் குடும்பத்தில் பிறந்தவர் மண்ணையும் நீரையும் அளக்கும் தொழிலை மேற்கொண்டார். 1879ஆம் ஆண்டு கிரேஸ் ஜார்ஜினா என்னும் பெண்மணியை மணந்தார். ஐந்து பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் அவர்களுக்குப் பிறந்தனர். மட்டைப்பந்து விளையாட்டில் அவருக்குப் பெரும் ஈடுபாடு உண்டு.

ஓர் உடன்படிக்கை

பென்னிகுயிக் மலையை அளந்தார். முல்லையாறும் பெரியாறும் கூடுமிடத்திற்குக் கீழே, இரு குன்றுகள் நெருங்கிவரும் இடத்தில் அணை கட்டலாம் எனத் தேர்ந்தார். அங்குத் தேங்கும் நீர் பின்னோக்கிப் பரவித் தேக்கடிப் பக்கம் வரும். அங்கே மலைமுகட்டை ஒரு சுரங்கத்தால் துளைத்தால், நீர் தானே கிழக்குச் சரிவில் விழும். நீரை உயர்த்த எந்திரம் வேண்டியதில்லை. அணையின் உயரமே நீரை முகட்டின் வாயிலுக்குக் கொண்டுவந்துவிடும்.

திட்டத்தின் அழகு இவ்வெளிமையில் உள்ளது. ஆயினும் இடர் ஒன்று இருந்தது. அணை கட்டும் இடம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததன்று. அது திருவிதாங்கூர் அரசின் காடு. பல ஆண்டுகள் நீண்ட பேச்சுக்குப் பிறகு 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூரின் சார்பில் திவான் வி. இராமய்யங்கார் ஒப்பமிட்டார். நீரில் மூழ்கும் 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு ஐந்து உரூபாய் ஆண்டு வாடகை. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். இரு தரப்பும் சமநிலையில் நின்று செய்த உடன்படிக்கையாக இதனைக் கருத இயலாது. ஆங்கிலப் பேரரசின் நிழலில் இருந்த ஒரு சிற்றரசு, அப்பேரரசுடனேயே செய்துகொண்ட ஏற்பாடு இது.

காட்டில் எட்டு ஆண்டுகள்

1887ஆம் ஆண்டு பணி தொடங்கியது. அக்காலத் தேக்கடிக் காடு சுற்றுலா இடமன்று. சாலை இல்லை, மனைகள் இல்லை. யானையும் புலியும் உலவும் அடர்கானகம். அண்மையில் இருந்த இருப்புப்பாதை நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று அது கொடைக்கானல் சாலை நிலையம் என வழங்குகிறது. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் நெடுகிலும் மாட்டு வண்டிகளில் பொருள்கள் வந்தன. கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுச் சரக்கை மேலேற்றினர். மலைமேல் வண்டிகளும் படகுகளும் எஞ்சிய தொலைவைக் கடந்தன. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு அணையடியைச் சேர்வதற்குள் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆற்றைக் கட்டுவதைவிட ஆற்றை ஒதுக்குவதே கடினமாக இருந்தது. அணையின் அடித்தளத்தை அமைக்க வேண்டுமானால் ஆற்றுப்படுகை உலர்ந்திருக்க வேண்டும். அதற்காக மரத்தாலும் மண்ணாலும் கல்லாலும் தற்காலிகத் தடுப்புகளை எழுப்பி, நீரை ஒருபக்கமாகத் திருப்பினர். கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வழித்தோன்றல்களான தச்சர்கள் இத்தடுப்புகளை அமைத்தனர். சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவினரும் துணை நின்றனர். ஒரே இரவின் மழையில் பெரியாறு பெருகிவந்து, பல திங்கள் உழைப்பை வாரிக்கொண்டு போகும். மீண்டும் கட்டுவர், மீண்டும் வெள்ளம் வரும். அப்படிப் பலமுறை நேர்ந்தது.

வெள்ளம் இல்லாத கோடையிலும் ஓய்வில்லை. மழைக்கு முந்திய வெப்ப மாதங்களில் மலைக்காய்ச்சல் முகாமைப் பற்றிக்கொள்ளும். தொழிலாளர்கள் அஞ்சி ஊருக்கு இறங்கிவிடுவர். பணி பெரும்பாலும் நின்றுவிடும். எனவே, காய்ச்சலுக்கும் வெள்ளத்திற்கும் இடையே கிடைத்த சில திங்களே உண்மையில் வேலைக்காலம். அக்காய்ச்சல் கொசுக்கடியால் பரவுகிறது என்பதை அன்று எவரும் அறியார். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் அதனைக் கண்டறிந்தது 1897இல். அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. அறிந்திருந்தால் ஒரு கொசுவலை காத்திருக்கக்கூடிய உயிர்கள் பல. நோயால் இறந்தோர் எனத் திட்டப் பதிவில் உள்ள எண்ணிக்கை 483. அணைக்கு அருகே காட்டுக்குள் அவர்களிற் சிலர் அடக்கமாகியுள்ளனர். பென்னிகுயிக்கின் பெயரை நாடறியும். இவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

இக்காலத்தை ஒட்டி மக்களிடையே ஒரு செய்தி வழங்குகிறது. தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டபோது அரசு பணம் தர மறுத்தது என்றும், பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணியைத் தொடர்ந்தார் என்றும் தேனி மாவட்டத்து முதியோர் கூறுவர். திட்டம் அரசுப் பணத்தில் நிறைவேறியது என்பதே ஆவணங்கள் காட்டும் செய்தி. நகை விற்றது செவிவழி வரலாறாகவே நிற்கிறது. தாங்கள் உண்ணும் சோற்றுக்கு யாரோ ஒருவர் தம்முடையதை இழந்திருக்க வேண்டும் என்று உழவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. அவ்வாறு இழந்தவர்கள் அணையருகே காட்டுக்குள் உறங்குகின்றனர்.

சுண்ணாம்பும் செங்கற்பொடியும்

முல்லைப்பெரியாற்று அணை கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் எழுந்தது. சுண்ணாம்புடன் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியையும் மணலையும் கலந்து அரைத்தனர். தனிச்சுண்ணாம்பு நீருக்கடியில் நன்கு இறுகாது. நன்றாகச் சுட்ட களிமண்ணின் பொடி சேரும்போது கலவை நீரிலும் இறுகி வலுப்பெறும். நம் நாட்டுக் கொத்தர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது. கிடைப்பதற்கரிய சீமைச்சுண்ணத்தை இங்கிலாந்திலிருந்து வருவிக்காமல், உள்ளூர்ப் பொருளையே பென்னிகுயிக் நம்பினார்.

இவ்வகை அணையை எடையணை என்பர். எதிர்த்து நிற்கும் நீரின் தள்ளுவிசையைத் தன் எடையாலேயே தாங்குவது அதன் இயல்பு. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் மிகும். ஆகவே அணையின் அடி அகன்றும் முடி குறுகியும் இருக்கும். இவ்வணையின் மேற்புற அகலம் 12 அடி. அடிப்புற அகலம் 138 அடி. ஆற்றுப்படுகையிலிருந்து உயரம் 155 அடி. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. உலகில் இத்துணை உயரமான அணைகள் சிலவே இருந்த காலத்தில், சாலையற்ற காட்டில் இது எழுந்தது.

சுரங்கம் தனிக்கதை. தேக்கடியில் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு நிலத்தை அகழ்ந்து, நீரை மலையின் அடிக்கு அழைத்து வந்தனர். அதன்பின் பாறையைத் துளைத்து 5,704 அடி நீளச் சுரங்கம் அமைத்தனர். 12 அடி அகலம். ஏழரை அடி உயரம். 75 அடிக்கு ஓர் அடி வீதம் அது கிழக்கே சரிகிறது. அவ்வளவே. அச்சிறு சரிவுதான் மேற்கே பிறந்த நீரைக் கிழக்கு நீராக்குகிறது. சுரங்கவாயின் அடிமட்டம் அணையின் 104 அடி அளவில் உள்ளது. அதற்குக் கீழே உள்ள நீர் கிழக்கே செல்லாது. தேக்கடி ஏரி கோடையிலும் வற்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

1895ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெரியாற்று நீர் சுரங்கத்தைக் கடந்து வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றுடன் கலந்து வைகையை அடைந்தது. மதுரைக்கு மேற்கே பேரணையில் அதனைத் தடுத்துக் கால்வாய்க்குத் திருப்பினர். முத்து இருளப்ப பிள்ளை எண்ணியதற்கும் இதற்கும் இடையே 106 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நீர் வந்தபின் மண்

கால்வாயில் நீர் வந்தவுடன் நிலம் செழித்துவிடும் என எண்ணுதல் பொருந்தாது. கம்பம் பள்ளத்தாக்கில் செம்மண்ணும் வண்டலும் விரவிக் கிடக்கின்றன. கிழக்கே மதுரை, சிவகங்கை நோக்கிச் செல்லச்செல்லக் கரிசலும் களியும் வெவ்வேறு அளவில் காணப்படுகின்றன. அதுவரை சோளமும் கம்பும் வரகும் பருத்தியும் விளைந்த புன்செய் நிலங்களை நன்செய்யாக மாற்றுவது பொறியாளரின் வேலையன்று, உழவரின் வேலை. வரப்பெடுத்து, மேடு தட்டிச் சமன்செய்து, வாய்க்கால் வெட்டி, தேங்கும் நீருக்கு வடிகால் அமைத்து அவர்கள் அதனைச் செய்தனர்.

பாய்ச்சும் நீர் மண்ணிலுள்ள சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கிறது. அதே நீர் அளவுமீறித் தேங்கினால், அடிமண்ணின் உப்பை மேலே கொண்டுவந்து நிலத்தை உவராக்கிவிடும். எனவே வடிகால் பாசனத்தின் பாதி. தொடர்ந்து நெல்லே பயிரிட்டால் மண் இளைக்கும். இதனால் நடவுக்குமுன் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். அறுவடைக்குப்பின் உளுந்து விதைத்து, அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்க விடுவர். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவர். மழைநீர் மேட்டு நிலத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்த வளத்தை மீண்டும் நிலத்திற்கே திருப்பும் முறை இது. பெரியாற்றுக் கால்வாய் பல கண்மாய்களையும் நிரப்புவதால், இப்பழைய வழக்கம் புதிய நீரோடு இணைந்துகொண்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இரு முறை நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர். பெரும்பாலான ஆண்டுகளில் சூன் முதல் நாளை ஒட்டி முதல் போகத்திற்கு நீர் திறப்பது வழக்கம். மேற்கே மழை தொடங்கும் நாளும் ஏறத்தாழ அதுவே. மலைக்கு அப்பால் இடி முழங்குவதைக் கேட்டு, மழையே காணாத ஊரில் நாற்றங்கால் தயாராகிறது. நெல்லோடு திராட்சையும் வாழையும் தென்னையும் அங்கு விளைகின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்நீரால் பயன்பெறுகின்றன. 1959இல் வைகை அணை எழுந்தபின் நீரைத் தேக்கிப் பகிர்வது எளிதாயிற்று. ஆனால் அவ்வணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவிட்டது. தேக்கடி ஏரியைச் சூழ்ந்து காடு நிற்பதால் அங்கு மண் அரிப்பு மட்டுப்பட்டுள்ளது. மரம் நிற்குமிடத்தில் மண் நிற்கிறது. மண் நிற்குமிடத்தில் அணையின் ஆழமும் நிற்கிறது. 1934இல் விலங்குக் காப்பிடமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் அக்காடு அறிவிக்கப்பட்டதன் பயன் கீழே உழும் கம்பத்து உழவருக்கும் உண்டு. அணையால் நீரில் மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் ஏரிக்குள் தலைநீட்டி நிற்பதைப் படகில் செல்வோர் காண்கின்றனர். நாட்டுக்கு நீர் தந்த காட்டில் ஒரு பகுதி அழிந்ததும் வரலாற்றின் பகுதியே.

மலைக்கு அப்பால் நீரைத் திருப்பும் இவ்வழி, பின்னர்ப் பாலக்காட்டு எல்லையிலும் பின்பற்றப்பட்டது. 1960களில் உருவான பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் ஆனைமலையின் மேற்குநோக்கிய ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்து, கோவை மாவட்டத்து வறண்ட நிலங்களுக்கும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கும் நீர் பகிர்கிறது.

பிற்காலம்

பெரியாற்றுப் பணிக்காக ஆங்கில அரசு 1895இல் பென்னிகுயிக்கைப் பட்டமளித்துச் சிறப்பித்தது. சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையின் செயலாளர் பதவியும் சட்டமன்ற உறுப்பினர் பதவியும் அவர் வகித்தவை. ஓய்வுக்குப்பின் 1896 முதல் 1899 வரை, இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றிய கூப்பர்ஸ்கில் கல்லூரிக்குத் தலைவராக இங்கிலாந்தில் பணியாற்றினார்.

1899ஆம் ஆண்டு ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து அரசு அவரை அழைத்தது. 1893இல் பிரிஸ்பேன் ஆறு கரைபுரண்டு நகரை மூழ்கடித்திருந்தது. அவ்வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து அவர் அறிக்கை அளித்தார். மதுரைக்கு நீரைக் கொண்டுவந்த கை, பிரிஸ்பேனில் நீரை விலக்க வழிதேடியது.

1911ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் பென்னிகுயிக் காலமானார். அவர்தம் மகன் பிற்காலத்தில் அந்நாட்டில் நீதிபதியாக விளங்கினார்.

நினைவு

தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் பென்னிகுயிக்கின் படம் வீட்டுச் சுவர்களில் தெய்வப் படங்களுக்கு அருகே தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு. அவர் பிறந்த சனவரி 15 பொங்கலை ஒட்டி வருகிறது. பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். தமிழ்நாடு அரசு கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுப்பி 2013இல் திறந்தது. 2022இல் கேம்பர்லியிலும் அவர் சிலை நிறுவப்பட்டது.

அணைக்கு இன்று நூற்றாண்டைக் கடந்த வயது. 1979இல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்டபின், 142 அடி வரை தேக்கலாம் என உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழும் இடுக்கி மக்களின் அச்சமும், கிழக்கே இந்நீரை நம்பி விதைக்கும் உழவரின் தேவையும் அறிஞர் குழுக்களின் முன்னிலையில் ஆராயப்பட்டு வருகின்றன. இதற்கிடையே நாள்தோறும் விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் மலையேறி இடுக்கிக்குச் செல்கின்றனர். அவர்கள் ஏறும் குமுளிச் சாலையின் ஓரத்தில், பெரியாற்று நீர் பெருங்குழாய்கள் வழியே எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. தேக்கடி ஏரி கோடையிலும் வற்றாதிருப்பதன் காரணத்தை ஒரு படம் வரைந்து விளக்குக.

2. 1886ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் அரசுக்குக் கிடைத்த ஆண்டு வாடகை எவ்வளவு? கணக்கிடுக.

3. பணி நடைபெற்ற எட்டு ஆண்டுகளிலும் ஓர் ஆண்டின் எல்லாத் திங்களிலும் வேலை செய்ய இயலாமற்போனது ஏன்?

4. வடிகால் இல்லாத வயலுக்கு நேர்வது யாது? உங்கள் ஊர் உழவர் ஒருவரிடம் கேட்டு, பாடத்தில் உள்ள செய்தியோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

5. நகை விற்ற செய்தியை மக்கள் நம்புவதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.